காணாமல் வாங்குவோர்க்குக் காட்டும் வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது தமிழர் யாவரும் அறிந்த பழமொழி. கட்டுவதன் அருமையைப் பேசிய அளவுக்கு, கட்டிய வீட்டை விற்பதன் அருமையை முன்னோர் பேசவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் வீடு கைமாறுவது அரிய நிகழ்ச்சி. அவ்வாறு மாற நேரினும், வாங்குபவர் அயல் வீட்டவராகவோ, உறவினராகவோ, அடுத்த ஊர்க் கடைக்காரராகவோ இருப்பார். அவ்வீட்டின் எந்த மூலையில் மழைநீர் ஒழுகும், கிணறு எந்த மாதத்தில் வற்றும், எல்லை வேலியைப் பற்றி யாருக்கு யாரோடு வழக்கு என்பன அவர் முன்னரே அறிந்த செய்திகள். விற்பவர் சொல்லித்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

இன்று நிலைமை வேறு. கொத்மலைப் பள்ளத்தாக்கில் விற்பனைக்கு வரும் ஒரு வீட்டை முதன்முதலிற் காண்பவர், பெரும்பாலும் அம்மலையில் ஒருபோதும் கால் வைத்திராதவராக இருக்கிறார். அவர் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, உணவு வேளையில் கைத்தொலைபேசியைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். வளைகுடா நாடொன்றில் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு ஊரில் ஒரு கூரை தேடுபவராக இருக்கலாம். ஓய்வுபெற்றபின் குளிர்ந்த இடத்தில் வாழ விரும்பும் ஆசிரியராகவும் இருக்கலாம். இவர்கள் எல்லோருக்கும் அந்த வீடு முதலில் ஒரு கையகலப் படம். படத்தில் மனம் பற்றினால் அடுத்த படத்தைப் பார்ப்பர்; பற்றாவிட்டால் விரலை நகர்த்திவிடுவர்.

இத்தகைய வாணிபம் உலகெங்கும் பரவி ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 2005ஆம் ஆண்டை ஒட்டியும், அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டிலும் தோன்றிய சில இணையத்தளங்கள், வீடு தேடுவோர் முதலில் செல்லும் இடங்களாக மாறின. இலங்கையில் 2007ஆம் ஆண்டில் லங்கா பிராப்பர்ட்டி வெப் என்னும் தளமும், 2012ஆம் ஆண்டில் இக்மன் என்னும் தளமும் தொடங்கின. இக்மன் என்னும் சிங்களச் சொல்லுக்கு விரைவு என்பது பொருள். விளம்பரம் விரைவாகப் போய்ச் சேர்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம்பிக்கை அதே விரைவில் சேர்வதில்லை. இதுவே வீடு விற்போர் முதலில் உணர வேண்டிய உண்மை.

கொத்மலை மக்களுக்கு இணையம் புதிதன்று. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் 1989ஆம் ஆண்டில் அங்கே ஒரு சமூக வானொலி நிலையம் எழுந்தது. 1998ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஆதரவோடு அந்நிலையத்தில் இணைய வசதி ஏற்படுத்தும் திட்டம் தொடங்கியது. வீட்டில் கணினி இல்லாத உழவரும் மாணவரும் தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவர். அறிவிப்பாளர் துறையறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இணையத்தில் விடையைத் தேடி, அதனைக் கேட்போரின் மொழியில் விளக்கி ஒலிபரப்புவார். உலகின் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இம்முறையை வியந்து எழுதினர். தொலைவில் இருப்பவருக்கு வெறும் செய்தி போதாது, அவர் மனத்தில் எழும் கேள்வியை அறிந்து விடையளிப்பவர் ஒருவர் வேண்டும் என்பதே அம்முயற்சி உணர்த்திய பாடம். வீட்டு விளம்பரத்துக்கும் அப்பாடம் அப்படியே பொருந்தும்.

பொருளியல் அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அமெரிக்கரான ஜோர்ஜ் அக்கர்லோவ் என்பவர் 1970ஆம் ஆண்டில் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எந்த வண்டியையும் குறையுள்ளதாக இருக்கலாம் என்று ஐயுற்றுக் குறைந்த விலையே கேட்பார். அவ்விலைக்கு நல்ல வண்டியைக் கொடுக்க மனமில்லாத உரிமையாளர் சந்தையை விட்டு விலகுவார். முடிவில் சந்தையில் எஞ்சுவன பெரிதும் பழுதான வண்டிகளே. இக்கருத்தை உள்ளிட்ட ஆராய்ச்சிகளுக்காக அவர் 2001ஆம் ஆண்டில் வேறிருவரோடு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதனை வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஐயத்துக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை இறுதியில் கொடுப்பவர் நல்ல வீட்டை விற்பவரே. ஆகவே வீட்டை அழகுபடுத்துவதென்பது, தொலைவில் இருப்பவரின் ஐயங்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து வைப்பதேயாகும்.

அந்த ஐயங்கள் மூன்று வகைப்படும். வீடு எப்படிப்பட்டது என்பது ஒன்று. அது நிற்கும் நிலம் உறுதியானதா என்பது மற்றொன்று. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்பது மூன்றாவது. முதலாவதைப் படமும், இரண்டாவதை நிலத்தின் அடையாளங்களும் ஆய்வறிக்கையும், மூன்றாவதைப் பத்திரங்களும் தீர்க்க வேண்டும்.

முதலில் படத்தைப் பற்றிக் கூறலாம். படம் எடுக்கும் முன் வீட்டைச் செம்மை செய்தல் வேண்டும். மலைநாட்டு வீடுகளின் முதற்பகை ஈரம். சுவரில் கருமையும் பசுமையும் படர்ந்திருந்தால், உடனே ஒரு வாளி வர்ணத்தை வாங்கி மேலே பூசிவிடுவது பலர் வழக்கம். ஈரமான சுவரில் பூசிய வர்ணம் சில வாரங்களில் கொப்பளித்து உரியும். படத்தில் வெள்ளைச் சுவரைக் கண்டு நீண்ட பயணம் செய்து வருபவர், நேரில் உரிந்த சுவரைக் கண்டால் அக்கணமே மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார். எனவே ஈரத்தின் ஊற்றைக் கண்டறிதல் முதல் வேலை. கூரைத் தகட்டில் ஆணித்துளை பெருத்திருக்கலாம். பீலியில் இலைகள் அடைத்திருக்கலாம். வீட்டின் பின்புறக் கானில் மண் நிரம்பி, நீர் அத்திவாரத்தை நோக்கித் திரும்பியிருக்கலாம். அவற்றைச் சீர்செய்து, சுவரை உலரவிட்டு, சுரண்டித் துடைத்த பின்னரே வர்ணம் பூசுதல் தகும். கொத்மலைப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் இதற்கு ஏற்றது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவமழைக்குப் பின் சுவர் உலர்வது கடினம்.

அடுத்தது, பொருள்களைக் குறைத்தல். இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டில் இருபது ஆண்டின் பொருள்கள் சேர்ந்திருக்கும். நெருக்கமாக வைத்த தளபாடங்கள் படத்தில் அறையைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். வேண்டாதவற்றை அகற்றித் தரையும் சாளரமும் தெரியச் செய்வது செலவில்லாத சீர்திருத்தம். விறகடுப்பின் கரி படிந்த சமையலறைச் சுவரைக் கழுவுதல், உடைந்த கண்ணாடியை மாற்றுதல், எரியாத மின்குமிழை மாற்றுதல் ஆகியனவும் அவ்வாறே. சாமி அறையை மறைக்க வேண்டுமா என்று சிலர் தயங்குவர். அது தூய்மையாக, ஒழுங்காக இருந்தால் எந்தச் சமயத்தவரும் முகஞ்சுளிப்பதில்லை. ஆயினும் குடும்பத்தவரின் நிழற்படங்கள், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், மருந்துச் சீட்டுகள் முதலியவற்றை எடுத்து வைப்பது நன்று. படம் ஏறியபின் அதனை யார் பார்ப்பர், எங்கே சேமித்து வைப்பர் என்பதை எவரும் கட்டுப்படுத்த இயலாது.

படம் எடுப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. நல்ல கைத்தொலைபேசியே போதும். ஆனால் சில விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். மலைப்பனியின் ஈரம் கண்ணாடி வில்லையில் படிந்து படத்தை மங்கச் செய்யும். ஆகவே ஒவ்வொரு முறையும் மென்துணியால் துடைத்தல் வேண்டும். கருவியைக் கிடையாகப் பிடித்து, நெஞ்சளவு உயரத்தில், ஏறத்தாழ நாலடிக்கு மேலாக வைத்து, அறையின் மூலையிலோ வாயிற்படியிலோ நின்று எடுத்தால் அறையின் அளவு உள்ளபடி தெரியும். கருவியை மேலோ கீழோ சாய்த்தால் சுவர்கள் சரிந்து விழுவன போல் தோன்றும். அகன்ற பார்வை தரும் வில்லையைப் பயன்படுத்திச் சிறிய அறையைக் கூடமாகக் காட்டுவது எளிது. ஆனால் நேரில் வந்து காண்பவரின் ஏமாற்றம் அதனினும் பெரிதாக இருக்கும்.

வெளிச்சமும் கவனிக்கத்தக்கது. மலைநாட்டில் பிற்பகலில் முகில் இறங்கிப் பள்ளத்தாக்கை மூடிவிடுவது வழக்கம். காலை ஏழு மணி முதல் பத்து மணிவரை ஒளி மென்மையாகவும் தெளிவாகவும் இருக்கும். வீட்டு முகப்பை வெயில் நேரே தழுவும் வேளையை இரண்டொரு நாள் கவனித்து வைத்துக்கொண்டு, அவ்வேளையில் எடுத்தல் வேண்டும். உள்ளறைகளுக்குத் திரைகளைத் திறந்து, விளக்குகளையும் ஏற்றி எடுத்தால் இருள் நீங்கும். கொத்மலை நீர்த்தேக்கமோ, தேயிலைச் சரிவோ சாளரத்தின் வழியே தெரியுமாயின், அச்சாளரம் உள்ளிட்ட அறையையே ஒரு படமாக எடுத்தல் வேண்டும். வேறெங்கோ மலையுச்சியில் நின்று எடுத்த காட்சியை வீட்டுக் காட்சி போல் சேர்ப்பது வஞ்சனை. கணினியைக் கொண்டு இல்லாத தளபாடத்தையும் இல்லாத பூந்தோட்டத்தையும் வரைந்து சேர்க்கும் வசதி இக்காலத்தில் மிகுந்துவிட்டது. அவ்வாறு சேர்ப்பின் அது கற்பனைப் படம் என்று வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும்.

முகப்பு, கூடம், சமையலறை, படுக்கையறைகள், குளியலறை என்று வீட்டுக்குள் நடந்து செல்வது போன்ற ஒழுங்கில் படங்களை அடுக்குவது நன்று. பலர் மறந்துவிடும் படங்கள் சில உள. நெடுஞ்சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் பாதை, நீர்த்தொட்டி, மின்மானி, பின்புற மண்திட்டு, தாங்குசுவர், கான்கள் என்பனவே அவை. இவற்றோடு நல்ல மழை பெய்யும் நாளில் எடுத்த ஒரு படமும் இருத்தல் சிறப்பு. கானில் நீர் தடையின்றி ஓடுவதையும், முற்றம் தேங்காமல் இருப்பதையும் காட்டும் அந்த ஒரு படம், நீல வானத்தைக் காட்டும் பத்துப் படங்களைவிட அறிவுள்ளவரின் மனத்தைக் கவரும். கையால் கோடு வரைந்து அறைகளின் நீள அகலங்களை அடிக்கணக்கில் குறித்த ஒரு தரைப்படமும் அவ்வாறே பயன் தரும்.

இனி நிலத்தைப் பற்றிய ஐயத்துக்கு வரலாம். மலைநாட்டில் வீட்டின் அழகை நிலத்தின் உறுதியிலிருந்து பிரித்துப் பேச இயலாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த திட்வாச் சூறாவளியின்போது நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய மாவட்டங்களில் மண்சரிவுகள் பெருந்துயர் விளைத்தன. இவற்றை அறிந்த எவரும், கொத்மலையில் ஒரு வீட்டைக் கண்டதும் முதலிற் கேட்கும் கேள்வி, இங்கே மண் சரியுமா என்பதாகவே இருக்கும். அக்கேள்விக்கு விளம்பரம் மௌனம் சாதித்தால், அம்மௌனத்தையே விடையாகக் கொண்டு அவர் விலகிச் செல்வார்.

மண்சரிவு ஆபத்தை ஆராய்ந்து வரைபடமாக்கும் பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்து வருகிறது. 1984ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிறுவனம், நுவரெலியா உள்ளிட்ட மலைசார் மாவட்டங்களில் மனைகளின் ஆபத்து நிலையை மதிப்பிட்டு அறிக்கை தருகிறது. விற்க எண்ணுபவர் அவ்வறிக்கையை முன்னரே பெற்று வைத்திருப்பின், அதுவே விளம்பரத்தின் தலைசிறந்த அணிகலன் ஆகும். அறிக்கை பாதகமாக வந்தால் என் செய்வது என்று அஞ்சுபவரும் உண்டு. பாதகமாக வரக்கூடிய நிலத்தில் இன்றிரவு உறங்குபவர் விற்பவரும் அவர் பிள்ளைகளுமே என்பதை அவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அறிக்கை கைக்கு வரும் வரை, வீட்டார் தாமே கவனிக்கத்தக்க அடையாளங்கள் சில உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றி அகலும் வெடிப்புகள், முன்னர் எளிதாகத் திறந்த கதவுகள் இறுகிப்போதல், மரங்களும் மின்கம்பங்களும் ஒரு பக்கம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்று எழுதல், தெளிந்த ஊற்று கலங்குதல் ஆகியன நிலம் நகர்வதைக் காட்டக் கூடியவை. இவற்றைச் சாந்து பூசி மறைத்து விற்பது வெறும் வாணிபத் தந்திரமாகாது; பிறர் உயிரோடு விளையாடும் செயலாகும். இவ்வடையாளங்களைக் கண்டவர் விற்பனையை நிறுத்திவைத்து, கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் உடனே அறிவித்தல் வேண்டும்.

விற்பனைக்காகச் செய்யும் அலங்காரமே ஆபத்தாக முடிவதும் உண்டு. நகரத்திலிருந்து வருபவர் மோட்டார் வண்டி நிறுத்த இடம் கேட்பர் என்று கருதி, வீட்டின் பின்புற மேட்டைச் செங்குத்தாக வெட்டிச் சமன்படுத்துவது மலைநாட்டில் காணப்படும் வழக்கம். சரிவின் அடிக்காலை வெட்டினால் மேலுள்ள மண் தாங்குவதற்கு எதுவுமின்றி நிற்கும். அடுத்த பெருமழையில் அது வீட்டின் மேலேயே இறங்கலாம். காட்சி மறைக்கிறது என்று சரிவில் நிற்கும் மரங்களை அடியோடு அழிப்பதும் அத்தகையதே. வேர்கள் மண்ணைப் பிடித்து நிற்பவை. தாங்குசுவரில் நீர் கசிந்து வெளியேற விட்டிருக்கும் துளைகளை, அழுக்காகத் தெரிகின்றன என்று சாந்திட்டு அடைப்பது அறியாமையின் எல்லை. வெளியேற வழியின்றிச் சுவருக்குப் பின்னே தேங்கும் நீர், சுவரையே தள்ளிவிடும். படத்தில் சற்று அழகு குறைந்தாலும், துளைகள் திறந்திருக்கும் சுவரே நல்ல சுவர்.

மூன்றாவது ஐயம் உரிமை பற்றியது. இலங்கையில் அசையாச் சொத்தின் விற்பனை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்பட்ட உறுதியாலேயே செல்லுபடியாகும். இணையத்தில் பேசி முடித்த பேச்சோ, தொலைபேசியில் அனுப்பிய செய்தியோ உரிமையை மாற்றுவதில்லை. வாங்குபவரின் சட்டத்தரணி பொதுவாக 30 ஆண்டுகளுக்கேனும் பின்னோக்கிச் சென்று பதிவேடுகளை ஆராய்வார். எனவே உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்திலிருந்து பெற்ற பதிவேட்டுப் பிரதி, பிரதேச சபையின் கட்டட அனுமதி, வரி செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றை விளம்பரத்துக்கு முன்னரே ஒருசேர எடுத்து வைத்தல் வேண்டும். இவை ஆயத்தமாக உள்ளன என்று ஒரு வரி எழுதுவதே பலரை நம்பிக்கையோடு அழைக்கும். ஆனால் அப்பத்திரங்களைப் படம் எடுத்துப் பொதுவில் ஏற்றுதல் ஆகாது. கையொப்பமும் அடையாள அட்டை இலக்கமும் தீயோர் கையில் சேர்ந்தால் போலி உறுதிக்கு வழியாகும்.

கொத்மலையில் இவ்வுரிமைப் பேச்சு ஏனைய ஊர்களைவிடச் சிக்கலானது. அதற்கு வரலாறே காரணம். மகாவலித் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட கொத்மலை அணை 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, பள்ளத்தாக்கின் வயல்களும் கோயில்களும் வீடுகளும் நீரில் மூழ்கின. ஏறத்தாழ 3000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களுட் பலர் அரசு வழங்கிய நிலங்களில் குடியேறினர். அரச நிலத்தை அனுமதிப்பத்திரத்தின் பேரிலோ, அளிப்புப் பத்திரத்தின் பேரிலோ பெற்றவர்கள், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். உரிய அதிகாரியின் சம்மதமின்றி அவர்கள் அந்நிலத்தைக் கைமாற்ற இயலாது. நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிய நிலத்தில் ஒதுக்கிடங்களும் உண்டு. நீர்த்தேக்கக் காட்சியைப் படத்தில் காட்டி விற்பவர், தம் எல்லை எங்கே முடிகிறது என்பதை நில அளவைப் படத்தில் காட்டுதல் கடமை.

வாங்குபவர் வெளிநாட்டில் இருப்பின் மற்றொரு சட்டத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி உடைமை மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், அதில் கூறப்பட்ட விலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்கு நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கு இத்தடை இல்லை. இலங்கையிற் பிறந்து, பிறநாட்டுக் குடியுரிமை பெற்று, இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள் இதனை அறியாமல் முற்பணம் கொடுத்துவிட்டுத் துயருறக் கூடாது. பேச்சின் தொடக்கத்திலேயே இதனை வினவித் தெளிதல் இருவருக்கும் நன்மை.

இவையனைத்தும் அமைந்தபின் விளம்பர வாசகம் எழுதுவது எளிது. கண்கவர் வீடு, அரிய வாய்ப்பு, உடன் முந்துங்கள் என்பன போன்ற சொற்கள் எந்த வீட்டுக்கும் பொருந்துவன. ஆகவே எந்த வீட்டையும் விளக்காதன. நல்ல விளம்பரம் ஒன்று இவ்வாறு அமையலாம்: தவலந்தென்னைக்கு அண்மையில், பேருந்துச் சாலையிலிருந்து 600 மீற்றர் தூரத்தில், 12 பேர்ச் நிலத்தில் மூன்று அறை வீடு, கடைசி 100 மீற்றர் செங்குத்தான கொங்கிரீட் பாதை, சிறு வண்டிகள் மட்டும் செல்லும், ஊற்று நீர் ஆண்டு முழுவதும் உண்டு, பெப்ரவரி மார்ச்சில் குறையும், கூரை 2019இல் மாற்றப்பட்டது, பின்புறத் தாங்குசுவர் உண்டு, மண்சரிவு ஆய்வறிக்கையும் நில அளவைப் படமும் பார்வைக்கு உள்ளன. இவ்விளம்பரத்தில் குறையும் சொல்லப்பட்டிருக்கிறது. செங்குத்தான பாதையை விரும்பாதவர் வரமாட்டார். வருபவர் அதனை அறிந்தே வருவார். வீண் பயணங்களும் வீண் பேச்சும் குறைகின்றன.

அளவுகளைக் குறிக்கும்போதும் தெளிவு வேண்டும். ஓர் ஏக்கரில் 160 பேர்ச் அடங்கும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இலங்கையருக்குப் பழகிய இக்கணக்கு, நெடுங்காலம் வெளிநாட்டில் வாழ்ந்தவருக்குப் புரியாமற் போகலாம். ஆகவே சதுர அடியையும் சேர்த்து எழுதுதல் நன்று. தூரத்தைக் கூறும்போது கிலோமீற்றரோடு பயண நேரத்தையும் கூறுதல் வேண்டும். மலைப்பாதையில் பத்துக் கிலோமீற்றர் என்பது சமவெளியின் பத்துக் கிலோமீற்றர் ஆகாது. கம்பளை, நாவலப்பிட்டி, நுவரெலியா ஆகிய ஊர்களுக்கு எவ்வளவு நேரம், மருத்துவமனையும் தமிழ், சிங்களப் பாடசாலைகளும் எவ்வளவு தொலைவு என்பன வாங்குவோர் கேட்கும் கேள்விகள். விளம்பரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் வாங்குவோரின் வட்டம் விரியும். விலையைக் குறிக்காமல், நேரில் பேசலாம் என்று எழுதுவது ஐயத்தை வளர்ப்பதன்றி வேறு பயன் தராது. அண்மையில் விலைப்பட்ட வீடுகளின் உண்மை விலையை நொத்தாரிசு, மதிப்பீட்டாளர் முதலியோரிடம் கேட்டறிந்து விலையைத் தீர்மானித்தல் வேண்டும். ஏனையோர் விளம்பரத்தில் கேட்கும் விலை, அவர்கள் பெற்ற விலையாகாது.

வீடு விற்பனையைப் பற்றிப் பேசும்போது, கொத்மலையிலும் அதன் சூழலிலும் வாழும் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளரை மறத்தல் இயலாது. பூண்டுலோயாவிலும் றம்பொடையிலும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கொய்த குடும்பங்கள் வாழும் லயன் அறைகள் அவர்களுக்கு உரியன அல்ல. அவை தோட்டத்தின் உடைமை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்களுள் எஞ்சியோருக்கு, 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமையை முழுமையாக வழங்கியது. பின்னர் இந்திய உதவியுடன் 7 பேர்ச் மனைகளில் தனி வீடுகள் எழுந்தன. எனினும் லயன் அறையில் இன்னும் வாழும் ஒருவருக்கு, வீட்டை அழகுபடுத்தி விற்பது என்பது அந்நியமான பேச்சு. ஓய்வுபெற்ற ஆசிரியரோ, கணக்கப்பிள்ளையோ, கடைக்காரரோ தம் சேமிப்பைக் கொட்டித் தோட்ட எல்லைக்கு வெளியே வாங்கிய சிறு மனையும் அதில் எழுப்பிய வீடும் எத்துணை அரிய உடைமை என்பது இதனால் விளங்கும். அத்தகைய வீட்டை, பிள்ளைகளின் படிப்புக்காகவோ, முதுமையின் தேவைக்காகவோ விற்க நேரும்போது, ஆவணக் குறையினாலும் அரைகுறை விளம்பரத்தினாலும் அடிமாட்டு விலைக்கு இழப்பது, இரு தலைமுறை உழைப்பை இழப்பதாகும்.

இறுதியாக, எச்சரிக்கை ஒன்று. இணையம் நல்லோரை மட்டும் கொண்டுவருவதில்லை. வீட்டைப் பாராமலே முழு விலைக்கும் இசைந்து வங்கிக் கணக்கு விவரங்களைக் கேட்பவரிடமும், முற்பணம் அனுப்பியதாகப் போலிப் பற்றுச்சீட்டுக் காட்டுபவரிடமும் விழிப்பாக இருத்தல் வேண்டும். வீடு பார்க்க வருவோரைப் பகலில், வீட்டில் இருவரேனும் உள்ள வேளையில் வரச் சொல்லுதல் தகும். நேரில் வர இயலாதவருக்குக் காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டலாம். அவர் கேட்கும் இடத்தில் நின்று, கேட்கும் கதவைத் திறந்து காட்டுவது, ஆயத்தம் செய்த படங்களைவிட மிகுந்த நம்பிக்கை தரும். வாங்குபவர் தம் சார்பில் நம்பத்தகுந்த ஒருவரை அனுப்பிப் பார்த்தல் இன்றியமையாதது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்னும் முதுமொழி கைத்தொலைபேசியின் காலத்துக்கும் பொருந்தி நிற்கிறது.

தீர விசாரிப்பவருக்கு அஞ்சாத வீடே நல்ல விலை பெறும். பூச்சும் ஒளியும் வாங்குபவரை வாயில் வரை அழைத்துவரும். கானும் தாங்குசுவரும் உறுதியும் ஆய்வறிக்கையுமே அவரை உள்ளே அமர்ந்து விலை பேசச் செய்யும். அடுத்த பருவமழையின் இரவுகளில், அந்தக் கூரையின்கீழ் வேறொரு குடும்பம் உறங்கும். அக்குடும்பம் அச்சமின்றி உறங்குமாறு வீட்டைக் காட்டி விற்றவர், பணத்தோடு நல்ல பெயரையும் அம்மலையில் விட்டுச் செல்வார்.